கை கேட்ட உத்தரவு

சோலைமுத்துவின் இடது கை வேட்டி முனையை இடுப்பில் செருகியது. வலது கை அதை உருவி விட்டது. மறுபடி செருகினான், மறுபடி உருவியது. சித்திரை மாதத்துக் காலை வெயில் முற்றத்தில் ஏறிக்கொண்டிருந்தது. கொட்டத்தில் சாணி வாடை, அடுப்பில் கம்பங்கூழ் கொப்பளிக்கிற சத்தம், பக்கத்துத் தோட்டத்து நல்லுசாமி கிணற்று மோட்டாரின் இரைச்சல் எல்லாம் என்றும் போலத்தான் இருந்தன. இது ஒன்றுதான் புதுசு. நாலாவது தடவை வேட்டி காலடியில் விழுந்தபோது, முத்துப்பேச்சி அகப்பையோடு எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்ன மாமா இது, காலங்காத்தால கூத்து?"

"கை சொன்னபடி கேக்க மாட்டேங்குது புள்ள."

"என் பேச்சை நீங்க கேட்டீகளா இத்தனை வருசமா? இப்பத் தெரியுதா அந்தக் கஷ்டம்?"

சொல்லிக்கொண்டே வந்து வேட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே வலது கையைப் பார்த்தான். மணிக்கட்டில் தழும்பு, கட்டைவிரலில் காய்ப்பு, எல்லாம் தெரிந்த அடையாளம்தான். ஆனாலும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அந்நியன் கை தன் மடியில் கிடப்பதுபோல் இருந்தது. மெல்ல எடுத்து அந்தண்டை வைக்கலாமா என்று யோசித்தான்.

சாதாரணக் கை இல்லை அது. ரெட்டியார்சத்திரத்துக்குத் தெற்கே அந்தச் சின்ன ஊரில் சோலைமுத்துவுக்கு அரைக்காணி கத்தரித் தோட்டமும் ஒரு பட்டமும் இருந்தன. ஒத்தப்பனைக் கருப்பு கோயிலுக்கு வெட்டுக்காரன். ஆடி மாதம் நேர்ந்துவிட்ட கிடா எத்தனை வந்தாலும் அவன்தான் வெட்ட வேண்டும், ஒரே வெட்டு. முப்பது வருஷத்தில் அந்தக் கை ரெண்டாவது வெட்டு வெட்டியதில்லை.

அதற்கு ஒரு முறை உண்டு. மஞ்சத்தண்ணீரைக் கிடாயின் தலையிலும் பிடரியிலும் தெளித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கிடா உடம்பைச் சிலுப்பினால் சாமியும் சம்மதம், கிடாவும் சம்மதம். பூசாரி "உத்தரவு" என்பார். அவர் சொல்லி முடிப்பதற்குள் தலை மணலில் கிடக்கும். சிலுப்பாவிட்டால் எவ்வளவு நேரமானாலும் நிற்க வேண்டியதுதான். ஒரு வருஷம் ஒரு கறுப்புக் கிடா காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை கல்லாய் நின்றது. ஊர் முழுக்கப் பசியில் திட்டியது. சோலைமுத்து அசையவில்லை. கடைசியில் அந்தக் கிடாயை அவிழ்த்து விட்டார்கள். கேட்காமல் வெட்டியவன் இல்லை என்பதில் அவனுக்கு அத்தனை பெருமை.

யாரிடமும் சொல்லாத ஒன்றும் உண்டு. வெட்டியதும் தலை ஒரு பக்கம் கிடக்கும், உடம்பு ஒரு பக்கம் கிடக்கும். தலை கண்ணை இமைக்கும். மூன்று தடவை, சிலது நாலு தடவை. அந்தண்டை உடம்பு காலை உதைத்து ஓடப் பார்க்கும். ரெண்டில் எது கிடா? தன் உடம்பைப் பார்த்துக்கொண்டிருக்கிற தலையா, தலை போனது தெரியாமல் ஓடுகிற உடம்பா? வாலிபத்தில் அவனைத் தூங்கவிடாத கேள்வி இது. அப்புறம் பழகிவிட்டது.

அறுபத்து மூன்றாம் வருஷம் தை மாதம், வேட்டி விழுவதற்கு மூன்று மாதம் முன்னால், நல்லுசாமி தன் கிணற்றுக்கு மோட்டார் வைப்பதற்காக வெடி வைத்து ஆழப்படுத்தினார். எல்லோரும் தள்ளி நின்றார்கள். சோலைமுத்துவும் தள்ளித்தான் நின்றான். எலுமிச்சம்பழப் பருமனில் ஒரே ஒரு கல், உச்சிக்கு இடப்புறமாக வந்து அடித்தது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். நாற்பது நாள் ஆஸ்பத்திரி. நொறுங்கிய எலும்பை எடுத்தார்கள், அதற்கடியில் நைந்துபோனதையும் கொஞ்சம் எடுத்தார்கள். இப்போது அந்த இடம் குழிந்து கிடக்கிறது. தோலுக்கு அடியில் துடிப்பது முத்துப்பேச்சிக்குத் தெரியும். அந்த இடத்தில் மட்டும் எண்ணெயை அழுத்தாமல் ஒற்றி எடுப்பாள்.

வைத்தியம் பார்த்த டாக்டர் கிதர் முகம்மது சின்ன வயசுக்காரர், நிதானமானவர். வீட்டுக்கு அனுப்புகிற அன்று சோலைமுத்து அவரைக் கேட்டான்.

"கோவிச்சுக்கப்படாது ஐயா. மண்டையைத் திறந்து பாத்தீகள்ல. அதுல நான் எந்த இடத்துல இருக்கேன்?"

டாக்டர் சிரிக்கவில்லை. "வலது கையை ஓட்டுற இடம் இதுன்னு காட்டுவேன். பேச்சுக்கு இடம் இதுன்னு காட்டுவேன். ஆனா நான்னு சொல்லிக்கிட்டு உள்ள ஒரு ஆள் உக்காந்திருக்கானே, அவன் எங்கே இருக்கான்னு யாருக்கும் இன்னும் தெரியலை பெரியவரே."

"நீங்க எடுத்துப் போட்டதுலயே இருந்திருந்தா?"

"அப்ப இதை என்கிட்ட இப்பக் கேக்குறது யாரு?"

அந்தப் பதில் பஸ்ஸில் திண்டுக்கல் வரும்வரை ஆறுதலாகத்தான் இருந்தது.

வேட்டி விழுந்ததற்கு நாலாம் நாள். மத்தியானம் கூழ் குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு, எதிரே கோழி ஒன்று தரையைக் கிளறிக்கொண்டு நின்றது. வலது கை சொம்புக்குள் விரலை விட்டது. தாகம் போலும் என்று நினைத்தான். கை தண்ணீரை அள்ளிக் கோழி மேல் தெளித்தது. கோழி கழுத்தை நீட்டி, இறகை உப்பி, உடம்பைச் சிலுப்பியது.

அவ்வளவுதான். கோழித் தலை கையில் இருந்தது. உடம்பு முற்றத்தைச் சுற்றி ஓடி, அடுப்பங்கரைக்குள் புகுந்து, முத்துப்பேச்சியின் காலடியில் விழுந்து உதைத்தது. கூழில் ரத்தம். கை விரலை விரித்துத் தலையைக் கீழே வைத்தது. பதமாக, மணலில் வைப்பதுபோல் வைத்தது.

"கோழி அடிக்கணும்னா சொல்லியிருக்கலாம்ல மாமா. முட்டை போடுற கோழிய..." என்று தொடங்கிய முத்துப்பேச்சி, அவன் முகத்தைப் பார்த்ததும் அவனிடம் ஓடி வந்தாள்.

வைகாசியில் செவலை நாய் போனது. வாய்க்காலில் புரண்டுவிட்டு ஈரத்தோடு வந்து, பழக்கப்படி அவன் முன்னால் நின்று, மூக்கிலிருந்து வால் வரை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. நீர்த்துளி அவன் முகத்தில் தெறித்தது. கண்ணைத் துடைக்கத்தான் வலது கை எழுந்தது என்று நினைத்தான். கூரையில் செருகியிருந்த பன்னரிவாள் அதற்குள் கைக்கு வந்துவிட்டது. மூன்று வருஷமாகக் காலைச் சுற்றிய நாய் அது. அது கத்தக்கூட இல்லை. அறுந்து கிடந்த தலையின் கண் அவனைப் பார்த்தது. இமைத்தது. ஒன்று, ரெண்டு, மூன்று. அதைப் பார்த்துக்கொண்டே அவன் கதறினான். கை அரிவாளை வாலிலிருந்த ரோமத்தில் துடைத்துக்கொண்டிருந்தது.

பூசாரி மலைச்சாமியிடம் ஓடினான். கோயில் அரிவாள் அவன் வீட்டில்தான் இருந்தது. சாமி மூலையில் திருநீறு பூசி நிறுத்தி வைத்திருந்தான், முழ நீளம். அதை எடுத்துக்கொள்ளும்படி கெஞ்சினான்.

"வெட்டுக்காரன் வீட்டைத் தாண்டி அது தங்கப்படாதுலே, தெரியாதா உனக்கு?" என்றார் பூசாரி. அப்புறம் அவன் வலது கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இதுக்கு ஏன் பயப்படுற? கருப்பு எறங்கியிருக்கான். முப்பது வருசமா வெட்டுனது நீயின்னா நெனச்ச? நீ சும்மா பக்கத்துல நின்ன."

அந்த வார்த்தை மண்டைக் குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வீடு வரும்வரை யோசித்தான். ஒரு வெட்டையாவது தான் வெட்டியதாக ஞாபகம் இருக்கிறதா? தெளித்தது ஞாபகம் இருந்தது. சிலுப்பியது ஞாபகம் இருந்தது. தலை கிடந்ததும் இருந்தது. நடுவில் எதுவும் இல்லை.

ஆனி வெள்ளிக்கிழமை ஒன்றில் அது வந்தது. நாயைப் பார்த்த அன்றே அவன் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. முத்துப்பேச்சிக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. தலைக்குக் குளித்துவிட்டு, முகத்திலும் கழுத்திலும் மஞ்சள் மினுங்க, முற்றத்தில் வந்து நின்றாள். சீயக்காயும் மஞ்சளும் கலந்த ஈர வாடை அவன் மூக்கில் ஏறியது. அவள் குனிந்து, முடியை முன்னால் போட்டு, துண்டால் தட்டி, தலையைச் சிலுப்பினாள்.

கை அவள் முடியைப் பிடித்தது. ஒரே இழுப்பு. உரல் விளிம்பில் அவள் கழுத்து படிந்தது. ஆயுதம் தேடி எழுந்தது கை, எட்டிய தூரத்தில் எதுவும் அகப்படவில்லை. மறுபடி இறங்கி, தொண்டையைப் பிடித்து நெரித்தது. அவள் கால் மண்ணைக் கிளறியது. சோலைமுத்து இடது கையால் இழுத்தான். அடித்தான். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தான். பிரிக்கப் பிரிக்க மூடிக்கொண்டது. கடைசியில் குனிந்து தன் மணிக்கட்டைக் கடித்தான். பல் எலும்பில் பட்டது. வாய் நிறைய உப்பு. வலி உச்சந்தலை வரை ஏறியது, அவனுக்குத்தான். கைக்கு வலிக்கவில்லை. நரம்பு அறுகிறவரை கடித்த பிறகுதான் விட்டது.

அவள் வெகுநேரம் இருமினாள். அப்புறம் எழுந்து தன் பழைய சேலையைக் கிழித்து அவன் மணிக்கட்டைக் கட்டினாள். கழுத்தில் அஞ்சு விரலும் நீலமாய்ப் பதிந்திருந்தன.

"நத்தத்துக்குப் போயிரு பேச்சி. ஓங்க அண்ணன் வீட்டுக்குப் போயிரு."

"உங்களை இதுகிட்ட விட்டுட்டா?" குரல் கரகரத்தது. "அது நீங்க இல்லை மாமா. எனக்குத் தெரியும்."

"எப்புடித் தெரியும்?"

"உங்க கண்ணைப் பாத்தேன். அழுதுக்கிட்டு இருந்துச்சு."

அன்றைக்கு அவன் குழந்தை மாதிரி அழுதான். இந்த மனுஷிக்குத் தன்னால் ஒன்றும் ஆகிவிடக் கூடாது. சாவதற்குள் தனக்கு மிச்சமிருக்கிற வேலை அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டான்.

அதிலிருந்து சேலைத் துணியால் வலது கையை மார்போடு சேர்த்துக் கட்டிவிட்டாள். கோயில் அரிவாளை எடுத்து ஒளித்தாள். எங்கே என்று அவனிடம் சொல்லவில்லை. "உங்களுக்குத் தெரிஞ்சா அதுக்கும் தெரிஞ்சிரும்" என்றாள். தலைக்குக் குளிப்பதையும் விட்டாள். ஒரு மாதம் ஆயிற்று. தலையில் சிக்கு விழுந்து சொறிந்துகொண்டே இருந்தாள். கட்டுக்குள்ளே கை பேசாமல் கிடந்தது. சில மத்தியானங்களில் மட்டும், அவள் தண்ணீர்க் குடத்தோடு தாண்டிப் போகும்போது, துணிக்கு அடியில் விரல்கள் விரிந்து மடங்குவது அவன் நெஞ்சில் தட்டுப்பட்டது.

ஆடி ரெண்டாம் வெள்ளி. செவ்வாய்க்கிழமை திருவிழா, மாவிளக்கு எடுக்க வேண்டும். அழுக்குத் தலையோடு எடுக்க மாட்டேன் என்று நின்றாள் முத்துப்பேச்சி. முந்தின நாளே அவன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான்.

"அரிவாளை எங்க வச்ச? தீட்டணும்னு பூசாரி சொன்னாரு."

அவள் அவன் கண்ணையே பார்த்தாள். அதில் என்னத்தைக் கண்டாளோ, "தவிட்டுப் பானைக்குள்ள" என்றாள்.

"நல்லுசாமி கிணத்துலயே குளி. நான் கூப்பிடுற வரைக்கும் வராத."

"ஏன்?"

"சும்மாதான் புள்ள."

"பெரிய மாப்பிள்ளை! கூப்பிட்டாத்தான் வரணுமாக்கும்" என்று சிரித்துவிட்டு, சீயக்காய்க் கிண்ணத்தோடு போனாள். செத்த நேரத்தில் மோட்டார் இரைய ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்கிறவரை அவள் அங்கே தொட்டியில் இருக்கிறாள் என்று அர்த்தம். அவனுக்கு அது போதும்.

உச்சி வெயில். முற்றத்தில் நிழலே இல்லை. வெட்டுக்கட்டையை நடுவில் உருட்டி வைத்தான். தவிட்டுக்குள்ளிருந்து அரிவாளை இடது கையால் எடுத்தான். தவிட்டுத் தூசி மூக்கில் ஏறியது. இடது கைக்கு அது கனம். பரவாயில்லை, ஓங்கிப் போட்டால் கனமே வெட்டிவிடும். ரத்தத்தைக் கட்டுவதற்குக் கயிறு, சுட்டு நிறுத்த அடுப்பில் காய்ச்சின எண்ணெய், எல்லாம் தயார். சேலைத் துணியை அவிழ்த்து வலது கையை வெட்டுக்கட்டையின் மேல் நீட்டினான். முரண்டு பிடிக்கும் என்று பயந்திருந்தான். பிடிக்கவில்லை. உள்ளங்கை மேலே பார்க்க, சாதுவாகப் படுத்துக்கொண்டது.

அரிவாளை ஓங்கினான்.

வெட்ட முடியவில்லை.

பயத்தினால் இல்லை. முப்பது வருஷப் பழக்கம். கேட்காமல் எப்படி வெட்டுவது? அதுவும் ஓர் உயிர் என்று தெரிந்த பிறகு? தன்னைத்தானே திட்டிக்கொண்டு எழுந்து போனான். பித்தளைச் செம்பில் தண்ணீர் மொண்டு, மஞ்சளைக் கரைத்து, கட்டைக்குப் பக்கத்தில் வைத்தான். மண்டியிட்டான். இடது கையால் அள்ளி வலது கையின் மேல் தெளித்தான்.

காத்திருந்தான்.

மஞ்சத்தண்ணீர் விரலிடுக்கில் வழிந்து கட்டையில் சொட்டியது. கை அசையவில்லை. மறுபடி தெளித்துவிட்டு, கீழே வைத்த அரிவாளை இடது கையில் எடுத்துக்கொண்டான். மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. பிடரியில் வெயில் சுட்டது. ஈ ஒன்று சுண்டுவிரலில் உட்கார்ந்து எழுந்தது. கை அசையவில்லை. அந்தக் கறுப்புக் கிடா ஞாபகத்துக்கு வந்தது.

"சிலுப்பிரு" என்றான். "சிலுப்பிரு அப்பு. உன்னைக் கும்பிடுறேன்."

மோட்டார் நின்றது.

சத்தம் போன இடத்தில் ஊரே காலியானதுபோல் இருந்தது. கரண்டு போய்விட்டது. அவன் தலையைத் திருப்பிக் கிணற்றுப் பக்கம் பார்த்தான். திருப்பினது ஒரு கணம்தான்.

செம்புக்குள் விரல் நுழைகிற சத்தம்.

திரும்பினான். கட்டையின் மேல் கை இல்லை. ஒரு கை மஞ்சத்தண்ணீர் அவன் உச்சியில் விழுந்தது. குழிக்குள் இறங்கியது. எலும்பில்லாத இடம். சில்லென்று. தோலைத் தாண்டி, உள்ளே, துடிக்கிற இடத்தில். அங்கிருந்து பிடரிக்கு. முதுகுக்கு.

வேண்டாம் என்று நினைத்தான். பல்லைக் கடித்தான். தோளை இறுக்கினான்.

உடம்பு சிலுப்பியது.

அவன் சிலுப்பவில்லை. உடம்பு சிலுப்பியது. தலையிலிருந்து கால்வரை ஒரு சிலுப்பு. இடது கை பிடி தளர்ந்து அரிவாளைக் கொடுத்தது. வலது கை வாங்கிக்கொண்டது. இடது கையும் அதன் பக்கம்தானா? உத்தரவு கொடுத்தது யார்? கேட்க வாய் திறந்தான்.

ஒரே வெட்டு.

வானம் சுற்றியது. கூரை. வெயில். மண். கன்னத்தில் சூடான மண். வலி இல்லை. கண்ணுக்கு நேரே மண்டியிட்ட இரண்டு முழங்கால், அழுக்கு வேட்டி, முத்துப்பேச்சி கட்டின முடிச்சு. மேலே தோள். தோளுக்கு மேலே ஒன்றும் இல்லை. கொப்பளிக்கிற சிவப்பு மட்டும்.

முழங்கால் நிமிர்ந்தது.

எழுந்து நின்றது. கிடா உதைக்கும், ஓடப் பார்க்கும், விழுந்துவிடும். இது விழவில்லை. அரிவாளை வேட்டியில் துடைத்தது. குனிந்தது. செம்பை எடுத்தது.

படல் திறக்கிற சத்தம்.

"கரண்டு போச்சு மாமா." அவள் குரல். "பாதித் தலைதான் அலசினேன். கண்ணு பூராச் சீயக்கா, தெறக்க முடியலை. துண்டை எடுங்க."

கண்ணை இறுக மூடிக்கொண்டு, முகத்தில் மஞ்சள் வழிய, கையைத் துழாவிக்கொண்டே முற்றத்துக்கு வந்தாள். ஓடிப் போ என்று கத்தினான். வாய் திறந்தது. மூச்சு இல்லை. மண்தான் உதட்டில் ஒட்டியது. என் கண்ணைப் பார் பேச்சி. ஒரு தடவை கண்ணைத் திறந்து என் கண்ணைப் பார்.

இமைத்தான். ஒன்று.

அது அவள் முன்னால் போய் நின்றது. செம்பிலிருந்து ஒரு கை அள்ளி அவள் உச்சியில் தெளித்தது. அவள் சிரித்தாள். "மஞ்ச வாடை அடிக்குது. என்ன மாமா, விளையாட்டு இப்ப?"

இரண்டு.

தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, முன்னால் போட்டு, அவள் குனிந்தாள். பிடரி வெயிலில் மினுங்கியது. கழுத்தோரம் அஞ்சு விரல் நகத் தழும்பும் இன்னும் இருந்தது.

மூன்று.

முத்துப்பேச்சி ஈரத்தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பினாள்.